தண்ணீர் ஆடாத மூன்று பாட்டு

சர்வீஸ் லிஃப்டில்தான் எங்களை ஏற்றினார்கள்.
வெங்காய மூட்டை, ஐஸ் பெட்டி, அப்புறம் நாங்கள்.
சிக்கந்தரின் கிக் டிரம் மேல்
யாரோ கொத்தமல்லிக் கட்டை வைத்துவிட்டார்கள்.
இரண்டாம் மாடி வரை
அதன் மேலேயே மெதுவாகத் தாளம் போட்டு வந்தான்.

பைபாஸ் ரோட்டு ஹோட்டல். ஹாலுக்குப் பெயர் வைரம்.
பக்கத்து மரகதத்தில் உரக்கம்பெனிக் கூட்டம்.
மேனேஜர் வந்து சொன்னார்:
பத்து மணிக்கு ஸ்பீக்கர் ஆஃப்,
மேடைப் பூவில் கை படக் கூடாது.

நான் பேஸ் கிட்டார்.
பகலில் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை.
ரெண்டும் ஒரே வேலைதானடா என்பான் சிக்கந்தர்,
எவனோ போட்டதைப் பிசகாமல் எடுத்துக் கொடுப்பது.
முன்பெல்லாம் கோபம் வரும்.
இப்போது அந்தப் ‘பிசகாமல்’ மட்டும் பிடித்திருக்கிறது.

ஏழேகாலுக்கு சாமிப் பாட்டு.
மாப்பிள்ளை வீட்டு வேன் காளவாசல் சிக்னலில் நின்றது.
வெள்ளைத் துணி போர்த்தி, முதுகில் சிவப்பு ரிப்பன் கட்டிய
முந்நூறு நாற்காலிகள்
ஒழுங்காக உட்கார்ந்து கேட்டன.

பூமயிலுக்கு அடுத்த மாதம் குரூப் டூ.
பாட்டுப் புத்தகத்துக்குள் பொது அறிவு.
இடையிசை வரும்போது
இரண்டு கேள்வி படித்துவிட்டு
சரணத்துக்குச் சரியாகத் தலை நிமிர்வாள்.

துண்டுச் சீட்டுகள் வரத் தொடங்கின.
மொய்க் கவரின் முதுகில் ஒன்று:
‘பெரியப்பாவுக்காக எம்பத்தஞ்சில் வந்த பாட்டு.’
எந்தப் பாட்டு என்று இல்லை, வருடம் மட்டும்.
டிஷ்யூவில் ஒன்று:
‘சத்தத்தைக் குறைக்கவும்.’ கையெழுத்து இல்லை.
சமயநல்லூர் நண்பர்கள் சீட்டெல்லாம் எழுதவில்லை,
நேரே மேடைக்கே வந்துட்டாய்ங்க.
ஒருத்தர் மைக்கை வாங்கி
மாப்பிள்ளையின் நல்ல மனசைச் சொல்லி நாலு நிமிடம் அழுதார்.
ஞானதுரை அதற்கும் கீபோர்டில்
ஒரு சோக வயலின் போட்டுக் கொடுத்தார்.

ஒன்பதே காலுக்கு என் ஆம்ப் செத்தது.
சிவப்புப் பொட்டு அணைந்துவிட்டது.
ஞானதுரைக்குக் கண்ணால் காட்டினேன்.
தாடையால் சொன்னார்: நிறுத்தாதே.

வாசித்தேன். ஒரு பாட்டு. இன்னொன்று. இன்னொன்று.
தடித்த கம்பி விரலடியில் உறுமியது,
என் விலா எலும்பு வரைக்கும்தான்.
வீடியோக்காரர் கிட்டே வந்து என் விரலை எடுத்தார்.
பிள்ளைகள் ஆடினார்கள்.
கைதட்டு கொஞ்சமும் குறையவில்லை,
அதைத்தான் தாங்க முடியவில்லை.
பதினேழு வருடமாக
இந்தப் பெட்டியைத் தூக்காமலே வந்திருக்கலாமோ?

“அண்ணே, ஒங்க பெட்டி அவுட்டா?”

தட்டு நிறைய கண்ணாடி டம்ளர்.
சட்டைப் பட்டையில் வீரணன் என்று இருந்தது.
எப்படித் தெரியும் என்றேன்.

“தண்ணி ஆடலையே.
நீங்க வாசிச்சா இந்த மேசையில
டம்ளருக்கு டம்ளர் வட்டம் வட்டமா வரும்.
மூணு பாட்டா சும்மா கெடக்கு.”

ஃபியூஸ்தான். கிச்சனுக்குப் போய்
பார்சல் கட்டும் வெள்ளித்தாளில் ஒரு கிழிசல் கொண்டு வந்தான்.
செய்யக் கூடாத வேலை. சுற்றிச் செருகினேன்.
சிவப்புப் பொட்டு வந்தது.

மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. ஒரு பாட்டுக்குத்தான் நேரம்.
பாட்டு பெரிதாக ஒன்றுமில்லை,
யார் கல்யாணத்திலும் வாசிப்பதுதான்.
அவன் மட்டும் தட்டைப் பிடித்தபடி
டம்ளருக்குள் குனிந்து நின்றான்.

“வீரணா, ஆறாம் டேபிளுக்குத் தண்ணி!”

போனான்.
தன் நடையின் ஆட்டம் அதில் கலந்துவிடாமல்
ரொம்ப மெதுவாக.

கவரில் ஐந்நூறு குறைவு.
“சாப்பாடு போட்டோம்ல” என்றார் மணப்பெண்ணின் தாய்மாமா.
மறுபடி வெங்காய வாசம், லிஃப்ட்.
அரசியலமைப்பில் எத்தனை அட்டவணை என்று
புத்தகத்தை மூடிக்கொண்டு பூமயில் கேட்டாள்.
பன்னிரண்டு என்றேன்.
அந்தப் பக்கத்தை
நூறு தடவையாவது எடுத்துக் கொடுத்திருப்பேன்.